வீடியோ கேம் கேசட்டில் ஊதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் பரணில் கிடக்கும் பழைய டிவி கேம் கீழே இறங்குகிறது. தூசி தட்டி, கேசட்டை வாயருகே பிடித்து 'ஃபூ' என்று ஊதி, செருகி ஸ்விட்சைப் போட்டால் திரை ஒரே நிறத்தில் நிற்கும், அல்லது கட்டம் கட்டமாகக் குப்பை வரும். பத்து முறை ஊதிவிட்டுக் கடைக்கு எடுத்துப் போனால் 'ஐசி போயிடுச்சு, இனி ஆகாது' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து அது நேராகக் காயலான் கடைக்குப் போகிறது. ஐசியை, அதாவது செட்டின் சிப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் அடாப்டர், கேசட்டின் செப்புப் பட்டைகள், கேசட் செருகும் சாக்கெட், வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் ஆகிய நான்கையும் பார்த்தாக வேண்டும். பார்த்தால் பல செட்டுகள் அன்றைக்கே ஓடும். இதை வாசகர்களும் கடைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

60 பின், அதாவது 60 தொடுமுனைகள் உள்ள கேசட் போடும் செட்டுகளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்கிறேன். நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம்தான் இவற்றுக்கு மூலம். 90களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை அதன் நகல்கள். 1985இல் அமெரிக்காவுக்குப் போன என்இஎஸ் செட்டும் உள்ளே அதே இனம்தான், கேசட் மட்டும் 72 பின்.

முதலில் அடாப்டர். பழைய அடாப்டர் தொலைந்துபோயிருக்கும், வீட்டில் இருக்கும் ஏதோ ஒன்றின் முனை பொருந்திவிடும், மாட்டிவிடுகிறார்கள். நல்ல செட் சாவது இப்படித்தான். அசல் ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர். பிளக்கின் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். இன்றைக்கு மோடத்துக்கும் கேமராவுக்கும் வரும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழ். நகல் செட்டுகளில் இரண்டு வகையும் உண்டு. அதனால் செட்டின் அடியில் பிளஸ், மைனஸ் காட்டும் வட்டப் படத்தைப் பாருங்கள். படம் அழிந்திருந்தால் மூடியைத் திறந்து, பவர் சாக்கெட்டின் எந்தக் கால் போர்டின் பெரிய தரை (கிரவுண்ட்) பட்டையோடு சேர்கிறது என்று மல்டிமீட்டரில் 'பீப்' வைத்துப் பாருங்கள். அந்தக் கால்தான் மைனஸ். என்இஎஸ் அடாப்டரோ 9 வோல்ட் ஏசி தருவது. அந்த செட்டுக்குள் ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜ் இருப்பதால் அதற்குச் சரி. அதே அடாப்டரை ஃபேமிகாமிலோ, சேகா மெகா டிரைவ் என்ற இன்னொரு டிவி கேமிலோ செருகினால் செட் போய்விடும்.

எடை கூடிய, டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய அடாப்டரைத் தனியாக அளந்தால் '9 வோல்ட்' என்று எழுதியிருந்தும் 12, 13 காட்டும். பயப்பட வேண்டாம், லோடு ஏறினால் இறங்கும். செட்டை ஓடவிட்டு அளந்து பாருங்கள், 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடாப்டர் தளர்ந்துவிட்டது. 'கூடக் கொடுத்தால் நன்றாக ஓடும்' என்று 12 வோல்ட் மாட்டுவதும் தவறு. உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சூடாக்கித்தான் கழிக்கிறது. 0.3 ஆம்பியர் இழுக்கும் செட்டில் 9 வோல்ட் கொடுத்தால் 1.2 வாட் சூடு, 12 கொடுத்தால் 2.1 வாட். சின்னத் தகடு மட்டும் வைத்த ரெகுலேட்டர் அதைத் தாங்காது. கொஞ்ச நேரம் ஓடி, சூடேறி, நின்று, ஆறியதும் மறுபடி ஓடும் செட்டுகளில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். செட்டைத் திறந்திருக்கும்போதே பிளஸ் வரும் வழியில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு 1என்4007 டயோடைத் தொடராகப் போட்டுவிடுங்கள். 0.7 வோல்ட் குறையும், ஆனால் தலைகீழ் அடாப்டரால் இனி ஆபத்தில்லை.

இனி ஊதுவதைப் பற்றி. மூச்சுக் காற்றில் ஈரம் இருக்கிறது. அது செப்பில் படிந்து களிம்பேற வைக்கிறது. மலிவுக் கேசட்டுகளில் பட்டைக்குத் தங்கப் பூச்சும் பெரும்பாலும் இருக்காது என்பதால் களிம்பு சீக்கிரம் பிடிக்கும். ஊதியதும் ஓடியது என்கிறார்கள். ஓடவைத்தது ஊதல் அல்ல, கழற்றித் திரும்பச் செருகியதில் பட்டையும் பின்னும் உரசிக்கொண்டதுதான். ஊதாமல் கழற்றி மாட்டினாலும் அதே பலன் கிடைக்கும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் அரை மணி நேரம் காயவிடுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், பட்டையில் படலமாக ஒட்டிக்கொள்ளும். பட்டைகளின் நீளவாக்கில் மேலும் கீழுமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒரு பட்டையின் அழுக்கு அடுத்ததில் ஏறும். முதல் குச்சி கரிக்கட்டை போலக் கறுத்து வரும். வெள்ளையாகத் திரும்பும் வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்படியும் பழுப்பு போகாவிட்டால் மெதுவான வெள்ளை அழிரப்பரால் நாலைந்து இழுப்பு, பிறகு துகளைத் தட்டிவிட்டு மறுபடி ஆல்கஹால். உப்புத்தாளை மட்டும் தொடாதீர்கள். பூச்சு போனால் போனதுதான். அசல் என்இஎஸ் கேசட்டுகளின் பின்புறம் தின்னர், பென்சீன், ஆல்கஹால் போடாதே என்று நின்டெண்டோவே அச்சிட்டிருக்கிறது. ஆகவே பிளாஸ்டிக்கிலும் ஸ்டிக்கரிலும் படாமல் பட்டைகளுக்கு மட்டும் தொட்டுத் துடையுங்கள்.

எந்தப் பட்டையில் கோளாறு என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். 60 பட்டைகளில் அகலவாக்கில் ஒரு பாதி நிரலுக்கு (புரோகிராமுக்கு), மறு பாதி படத்துக்கு. செட்டில் கணக்குப் போடும் சிப்பும் படம் வரையும் சிப்பும் தனித்தனியாகக் கேசட்டைப் படிக்கின்றன. பாட்டு சரியாகக் கேட்கிறது, பட்டனுக்கு ஆட்டம் அசைகிறது, படம் மட்டும் குப்பை என்றால் நிரல் பக்கம் நன்றாக இருக்கிறது, படத்தின் பாதியில்தான் அழுக்கு. திரை ஒரே நிறத்தில் உறைந்து, சத்தமும் இல்லையென்றால் நிரல் பாதியைப் பாருங்கள், அல்லது மின்சாரத்தையே பாருங்கள்.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். படம் முழுவதும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்தின் ஒரு வரிசை எட்டு டேட்டா கம்பிகளில் ஒரே நேரத்தில் வருகிறது, கம்பிக்கு ஒரு புள்ளி. ஆகவே எல்லாச் சதுரங்களிலும் அதே இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு தெரிந்தால் டேட்டா கம்பி ஒன்று தொடவில்லை. கோடு இல்லாமல் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து, செங்கலுக்குப் பதில் மேகம் என்று இடம் மாறி வந்தால், எந்தச் சதுரம் வேண்டும் என்று கேட்கும் அட்ரஸ் கம்பி ஒன்று தொடவில்லை. இரண்டு வகையிலும் சிப்பு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

சத்தம் மட்டும் வராத செட்டுக்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. அசல் ஃபேமிகாமிலும் அதன் வரைபடத்தைப் பின்பற்றிய நகல்களிலும் ஒலி நேராக டிவிக்குப் போவதில்லை. 45ஆம் பின் வழியாகக் கேசட்டுக்குள் போய், 46ஆம் பின் வழியாகத் திரும்பி வருகிறது. அந்த இரண்டில் ஒன்று தொடாவிட்டால் படம் பளிச்சென்று வரும், செட் ஊமையாகிவிடும். இது தெரியாமல் ஒலிப் பகுதி முழுவதையும் பிரித்து மேய்ந்து, நன்றாக இருந்த பார்ட்டுகளைக் கெடுத்துவிடுகிறார்கள்.

கேசட் சுத்தமாகியும் சரிவரவில்லை என்றால் சாக்கெட். அதற்குள் குச்சி நுழையாது. உபயோகமில்லாத ஒரு கேசட்டின் பட்டைகளை ஆல்கஹாலில் நனைத்து, செட் ஆஃபில் இருக்கும்போது பத்து முறை செருகி எடுங்கள், ஒவ்வொரு முறையும் படிந்த கறுப்பைத் துடையுங்கள். பிறகு வெளிச்சம் அடித்து உள்ளே பாருங்கள். வரிசையில் ஒரு பின் மட்டும் உள்வாங்கியிருந்தால் தையல் ஊசி முனையால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அளவுக்கு முன்னால் இழுத்துவிடலாம். அதற்கு மேல் இழுத்தால் ஒடியும். போர்டைத் திருப்பி, சாக்கெட்டின் 60 கால்களையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வருடக்கணக்காகக் கேசட்டைப் பிடுங்கிச் செருகியதில் ஈயத்தில் காலைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய விரிசல் ஓடியிருக்கும். கேசட்டைக் கையால் அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அந்த மோதிரம். 25 முதல் 35 வாட் சால்டரிங் அயன், 60/40 ஈயம், ஒரு காலுக்கு இரண்டு மூன்று வினாடி. அறுபதையும் ஒரே மூச்சில் வைத்துவிடுங்கள், சந்தேகப்பட்ட நாலுக்கு மட்டும் வைத்தால் அடுத்த மாதம் ஐந்தாவது விடும்.

ரெகுலேட்டரை அளக்க ஒரு நிமிடம் போதும். 7805இன் எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க, இடது கால் உள்ளே வருவது, நடுக்கால் தரை, வலது கால் வெளியே போவது. வலது காலில் 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உள்ளே 9 வந்து வெளியே 3 என்றால் ரெகுலேட்டர் போய்விட்டது, அல்லது அதற்கப்பால் ஏதோ ஷார்ட். உள்ளேயே குறைவாக வந்தால் பவர் ஸ்விட்சின் இரண்டு காலுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். ஆன் நிலையில் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் ஸ்விட்சில் களிம்பு. படத்தில் அகலமான நிழல் பட்டை மெதுவாக ஏறி இறங்கினால், சத்தத்தில் உறுமல் இருந்தால், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டென்சர் வற்றிவிட்டது. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதைப் போடுங்கள், மைனஸ் கோட்டைச் சரியான பக்கம் வைத்து. டிரான்ஸ்பார்மர் அடாப்டருக்குள்ளும் ஒரு கண்டென்சர் இருப்பதை மறக்க வேண்டாம், அதைத் திறக்கும்போது 230 வோல்ட் பிளக் சுவரில் இருக்கக் கூடாது என்பதையும்.

என்இஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சிவப்பு விளக்கு வினாடிக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் செட் சாகவில்லை. செட்டுக்குள் ஒரு பூட்டுச் சிப்பும் கேசட்டுக்குள் அதன் ஜோடியும் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பின்கள் தொடாவிட்டால் பூட்டுச் சிப்பு செட்டைத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்கிறது. 72 பின் கனெக்டரைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். பெரும்பாலும் பழைய பிடி திரும்பும். புதிதாக விற்கும் மலிவுக் கனெக்டர்கள் கேசட்டைக் கவ்விக்கொண்டு விடாது, பட்டையையும் கீறும். பழையதைக் காப்பாற்றுவதே என் கட்சி.

ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் பொத்தான் அழுக்கு, ஈரத்துணியால் துடையுங்கள். எல்லாமே வேலை செய்யவில்லை என்றால் வயர். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கும். மூன்று அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினால் முடிந்தது.

டிவி கேமோடு வரும், திரையைக் குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி வேலை செய்யவில்லை என்று கொண்டு வருகிறவர்கள் முதலில் எந்த டிவியில் மாட்டினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் துப்பாக்கி பழைய பிக்சர் டியூப் டிவியின் ஒளியை மட்டுமே உணரும். எல்இடி டிவியில் அது சுடாது, அது பழுதல்ல. அதேபோல், ஜப்பான் செட்டை 'பிஏஎல்' (PAL) என்ற வண்ண முறை மட்டும் தெரிந்த பழைய டிவியில் மாட்டினால் கறுப்பு வெள்ளையாக வருவதும் பழுதல்ல.

இத்தனையும் பார்த்த பிறகும் ஓடாமல், போர்டில் கறுப்பு மெழுகுத் துளி போல ஒட்டியிருக்கும் சிப்பு நெருப்பாகச் சுட்டால், ஆம், அந்தச் செட் முடிந்தது. அந்தத் துளிக்குள் இருப்பதை மாற்ற வழியில்லை. அப்போதும் முழுசாக எடைக்குப் போடாதீர்கள். சாக்கெட், கிரிஸ்டல், 7805, ஜாய்ஸ்டிக் ரப்பர், அடாப்டர் ஐந்தையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பரணிலிருந்து இறங்கும் அடுத்த செட்டுக்கு 60 பின் சாக்கெட் அந்த டப்பாவிலிருந்துதான் கிடைக்கும்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி