சாமிநாதனுக்கு, கோபியிலிருந்து

அன்புள்ள சாமிநாதா,

நீ மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அம்மா போய் இன்றோடு பதினேழு நாள். இடுப்பு ஆபரேஷன் செய்து படுத்திருக்கிறவன் எழவுக்கு வரவில்லையே என்று யாரும் கேட்கவில்லை, நீயும் அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒன்றுதான் தொண்டையில் நிற்கிறது. கார்த்தி அப்பத்தா முகத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய் விடிகாலை 4 மணிக்கு உயிர் போனது. சான் பிரான்சிஸ்கோவில் அப்போது திங்கள் மதியம் மூன்றரை. அன்று இரவே விமானம் ஏறிவிட்டான். 17 மணி நேரம்தானே, வந்துவிடுவான், அதுவரை எடுக்கக் கூடாது என்று பங்காளிகளிடம் நானே சொன்னேன். அந்த 17 மணி சிங்கப்பூர் வரைக்கும்தான், சுமார் 13,600 கிலோமீட்டர். அங்கே கோவை விமானத்துக்காக அரை நாள் உட்கார்ந்திருந்தான். அப்புறம் இன்னொரு 3,160 கிலோமீட்டர். பீளமேட்டில் இறங்கிக் கோபி வர இரண்டு மணி நேரம். புதன் இரவு 11 மணிக்குக் கார் வாசலில் நின்றது. மொத்தம் 43 மணி நேரம், சாமிநாதா.

புதன் மாலை நாலு மணிக்கே எடுத்துவிட்டோம். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் நீர் கோத்துக் கோத்து அம்மா முகம் மறைந்துகொண்டே இருந்தது. நான் துண்டால் துடைத்தபடியே இருந்தேன். பெரிய மாமா வந்து, "இதுக்கு மேல வேண்டாம் கண்ணு" என்றார். நெய்ப்பந்தம் தம்பி மகன் பிடித்தான்.

மறுநாள் தூக்கம் வராமல் தம்பி பேத்தியின் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். நூலை இழுத்துப் பிடித்தால் அது பசிபிக்கின் நடுவே போகவில்லை. சீனா, சைபீரியா என்று வடக்கே ஏறி அலாஸ்கா வழியாக இறங்குகிறது. அந்த வழி 14,200 கிலோமீட்டர்தான். அப்படி நேராக வரக் கோவைக்கு ஏது விமானம்? போதாததற்கு, மேலே மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்றாம். சிங்கப்பூரிலிருந்து அவன் திரும்பிப் போக 15 மணிதான் ஆகும். வீட்டுக்கு வருகிற திசையில்தான் எதிர்காற்று.

இதெல்லாம் கூடப் பொறுப்பேன். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாளுக்குப் பல விமானங்கள் உண்டு. காலை விமானத்தில் இடம் பார்த்திருந்தால் மதியம் திருச்சியில் இறங்கி, நாலு மணிக்கு வாசலுக்கு வந்திருப்பான். கோவை, கோவை என்றே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலர் அடுத்த மாதம் மெல்போர்ன் போகிறாள் என்றாயே. அவள் கிளம்புவதற்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து, அவள் வாசலிலிருந்து உன் வாசலுக்கு எத்தனை மணி நேரம், கோவைக்கு இடமில்லை என்றால் திருச்சியா, கொச்சியா, பெங்களூரா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தயவுசெய்து செய்.

பவானி கூடுதுறையில் கார்த்திதான் அஸ்தி கரைத்தான். சட்டியை விட மனசே வரவில்லை. ஐயர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிறு தாராபுரம் வருகிறேன். அதுவரை கைத்தடி இல்லாமல் தோட்டத்துக்கு நடக்காதே. நீ சொல்பேச்சு கேட்கிறவன் இல்லை என்று நாலாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

உன்,
ராமசாமி