சம்பளத்தை எண்ணி வாங்கிய பெரியம்மா

வேலூர்,
மே 18

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கத்திரி வெயில்மேல் பழியைப் போடலாம், வேலூர் வெயில் உனக்குத் தெரியாததா. ஆனால் விஷயம் வேறு. பெரியம்மா போய்விட்டார். 91 வயது. கடைசியில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். டிரிப்ஸ் ஏற்ற வந்த பெண்ணிடம், "நரம்பு கிடைக்காதும்மா, ஏன் குத்திப் பாக்குற, விடு" என்றார். அதோடு சரி.

செல்வி நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள், என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். பெரியம்மாவைப் பற்றி எழுதினாலே அதற்குப் பாதி பதில் வந்துவிடும்.

அடக்க ஆராதனையில் ஆயர் தியாகம், அர்ப்பணிப்பு என்று நெடுநேரம் பேசினார். பெரியம்மா கேட்டிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். யாராவது "நர்ஸ் வேலை ஒரு சேவை" என்று ஆரம்பித்தால், "சம்பளத்தக் குறைக்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்பார். சம்பளக் கவரை வாங்கிய இடத்திலேயே நின்று எண்ணுவாராம். பக்தியான மனுஷி இப்படி எண்ணலாமா என்று கேட்டவர்களுக்கு, குடியாத்தத்தில் தறி ஓட்டிய அப்பாவும் கீழே ஐந்து தம்பி தங்கைகளும் இருந்தது தெரியாது. பாதிச் சம்பளம் மணியார்டரில் போய்விடும். என் அம்மா டீச்சர் டிரெயினிங் முடித்தது அந்தப் பணத்தில்தான்.

அவர் படித்தது இங்கே வேலூர் சி.எம்.சி.யில், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். அதை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே அங்கே நர்ஸ் பயிற்சியைத் தொடங்கியிருந்தார். பட்டப்படிப்பு 1946-ல் வந்துவிட்டாலும், பெரியம்மா டிப்ளமோதான் படித்தார். சீக்கிரம் முடித்துச் சம்பாதிக்க வேண்டுமே. ஊசியையும் கண்ணாடி சிரிஞ்சையும் கொதிக்க வைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டிய காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கும் தசைநாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி வேறிடத்தில் பொருத்துவது. 1955-ல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்று தனி மருத்துவமனையே வந்தது. பெரியம்மா அந்த நோயாளிகளின் வார்டுக்குத் தானே கேட்டுப் போனார். வீட்டில் பெரிய ரகளை. பாட்டி அவர் தட்டைத் தனியாக வைத்தாராம்.

அதுவரை எல்லோரும் நம்பியது, அந்த நோயில் விரல் தானாக அழுகி விழும் என்று. விரல்களை அழித்தது உணர்ச்சியின்மை என்று பிராண்ட் கண்டுபிடித்தார். சூடான பாத்திரம், ஆணி, செருப்புக்குள் கிடக்கும் கல், எதுவும் தெரியாது. சிலருக்கு ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்திருக்கிறது. காலையில் எழுந்தால்தான் தெரியும். அதனால் பூனை வளர்க்கச் சொன்னார்கள். சின்ன வயதில் பெரியம்மா இதைச் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

நிமிர்த்திய விரலைக் காப்பாற்றுவது நர்ஸின் பாடு. தினமும் கையையும் காலையும் தண்ணீரில் ஊற வைத்து, காய்த்துப்போன தோலைத் தேய்த்தெடுத்து, எண்ணெய் தடவி, சூடு இருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்ப்பது. வலி சொல்ல வேண்டியதைக் கண் சொல்ல வேண்டும் என்று நோயாளிகளுக்கும் பழக்கினார். கையுறை போட்டுக்கொள்ளாமலே தொடுவாராம். அவர்களை யாரும் தொட்டதே இல்லையாம், அதற்காகவே.

டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்தக் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. "அவங்களுக்குக் கருவி எடுத்துக் கொடுத்த கை இது" என்று பெரியம்மா தன் கையைக் காட்டுவார். அவர் அடித்துக்கொண்ட தம்பட்டம் அது ஒன்றுதான்.

வீட்டிலும் அதே கண்தான், அதை ஒளிக்க மாட்டேன். ஜெபத்துக்கு உட்காரும் முன் எங்கள் நகத்தைப் பார்ப்பார். பெட்ஷீட் மூலை மடிப்புச் சரியில்லை என்றால் உருவிவிட்டு மறுபடி போடச் சொல்வார். பாதி வருஷங்களில் கிறிஸ்துமஸ் அன்றும் அவருக்கு ட்யூட்டி. "எங்களையும் வார்டு மாதிரிதான் பார்த்தாங்க" என்று பெரிய அண்ணன் இன்னமும் சொல்வான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் படுத்துவிட்டபோது, இரண்டு மணிக்கொரு முறை அலாரம் வைத்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததும் இதே மனுஷிதான். அப்போது வயது எழுபதுக்கு மேல். பெரியப்பா உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. ராத்திரி அலாரம் அடித்ததும் எழுந்து, திருப்பிவிட்டு, அப்படியே பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் படுப்பார். யாரிடமும் மதம் பேசி நான் பார்த்ததில்லை. நோயாளி கேட்டால் ஜெபிப்பார், கேட்காவிட்டால் டிரெஸ்ஸிங் மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்.

சரி, செல்விக்கு வருவோம். 2016-ல் மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனை நர்ஸுகளுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கே பக்கத்துத் தெருப் பெண் நாலு வருஷம் பி.எஸ்ஸி. படித்துவிட்டு அதில் முக்கால்வாசிகூட வாங்கவில்லை, நைட் ட்யூட்டி தனி. பெரியம்மா இதைக் கேட்டுக் கொதித்தார். அதனால் செல்வியிடம் கருணை இருக்கிறதா என்று நீ சோதிக்க வேண்டாம், அது அவளிடம் நிறையவே உண்டு. சேரும் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, மூன்றாம் வருஷப் பிள்ளைகள் வார்டில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று விசாரி. நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தையும் பார்த்துக்கொள். வேலைக்குப் போன பிறகு சம்பளம் கேட்கக் கூச்சப்படக் கூடாது என்று இப்போதே சொல்லி வை.

உன் மூட்டு எப்படி? பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிட்டாய் என்று உன் வீட்டுக்காரர் போனில் போட்டுக் கொடுத்துவிட்டார். வெயில் தணிந்ததும் இரண்டு பேரும் கோவை எக்ஸ்பிரஸில் ஏறிக் காட்பாடியில் இறங்குங்கள், ஆட்டோவோடு வருகிறேன். பெரியம்மாவோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர் தொரப்பாடியில் இருக்கிறார், செல்வியை அவரிடம் கூட்டிப் போகிறேன். என்னைவிட நன்றாகத் திட்டுவார்.

உன்,
சாந்தி