மைதானத்துக்குப் புகை அடிப்பது தொடர்பாகப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து, பாடசாலை மைதானத்துக்கும் அதனை ஒட்டிய ஒழுங்கைக்கும் வாரந்தோறும் நுளம்புப் புகை அடிக்க வேண்டுமெனப் பெற்றோர் பலர் நேரிலும் எழுத்திலும் கேட்டிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானதையும், கொழும்பு மாவட்டம் அவ்வாண்டு பட்ட பாட்டையும் மறக்காத எவருக்கும் இந்தக் கவலை வருவது இயல்பே. ஆயினும் வாராந்தப் புகைக்கு நான் இணங்கப் போவதில்லை. அதற்கான காரணத்தை உங்களுக்கு விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

புகை அந்த வேளையில் பறந்துகொண்டிருக்கும் நுளம்பின் மீது பட்டால் அதைக் கொல்லும், அவ்வளவே. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி நுளம்பு கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் ஒதுங்கியிருக்கும் பழக்கமுடையது என்பதால், மைதானத்தில் அடிக்கும் புகை அதனிடம் போய்ச் சேராது. நீரில் நெளியும் குடம்பிகளும் முட்டைகளும் புகைக்குப் பிறகும் அப்படியே இருக்கும். சில நாட்களுக்குள் அவற்றிலிருந்து புதிய நுளம்புகள் கிளம்பிவிடும். இடையில் வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் மடிவதுதான் மிச்சம். நோயாளி ஒருவர் இனங்காணப்பட்ட இடத்தைச் சுற்றிப் புகை விசிறுவதில் பயனுண்டு. அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே.

கால்வாயைச் சுத்தம் செய்தால் போதும் என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். கால்வாயின் அழுக்கு நீரில் பெருகுபவை பெரும்பாலும் இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் நுளம்புகள். டெங்கு நுளம்பு தேடுவது மழைநீர் தேங்கிய சிறிய இடங்களை. கடந்த வாரம் பரிசோதகருடன் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தபோது, வலைப்பந்துக் கம்பம் நடுவதற்காக நிலத்தில் பதித்த இரும்புக் குழாயினுள் ரோச் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். அடியில் ஒரு கோப்பையளவு நீர் இருந்தது. வெளிச்சம் பட்டதும் குடம்பிகள் நெளிந்து நெளிந்து ஆழத்துக்கு இறங்கின. அந்தக் குழாய்க்கு இப்போது மூடி போட்டாயிற்று. வேலித் தூண்களின் திறந்த வாய்களைச் சீமெந்தினால் அடைத்துவிட்டோம். கூரைப் பீலிகளில் அடைந்திருந்த சருகுகளையும் அகற்றியுள்ளோம்.

மதிலுக்கு வெளியேதான் உங்கள் உதவி வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் வாயிலில் காத்திருப்போர் விட்டுச்செல்லும் தெம்பிலிக் கோம்பைகள், யோகட் கோப்பைகள், இந்தப் பருவத்தில் குவியும் றம்புட்டான் தோல்கள் ஆகிய அனைத்தும் ஒரே மழையில் நிரம்பிவிடுகின்றன. ஏடிஸ் நுளம்பு தான் பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் பறப்பதில்லை. ஆகவே வாயிலில் பிறப்பது நம் பிள்ளைகளைத்தான் கடிக்கும். முட்டை முழு நுளம்பாக வளர ஏழு முதல் பத்து நாட்கள் வரை எடுப்பதால், ஒழுங்கையை வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பார்த்தாலே போதுமானது. ஆனால் நீரை ஊற்றிவிடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும் முட்டைகள், நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து அடுத்த மழையில் பொரிக்கக்கூடியவை என்பதால், வைத்துக்கொள்ள வேண்டிய பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், வேண்டாததை அப்புறப்படுத்துங்கள். வீட்டு வளவையும் இவ்வாறு பேணுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நம் எல்லோருக்கும் உரிய பொறுப்பாகும்.

இந்த நுளம்பு காலையிலும் பொழுது சாயுமுன்னும் கூடுதலாகக் கடிக்கும். எனவே மாலைப் பயிற்சிக்கு நிற்கும் பிள்ளைகள், பருவமழை ஓயும் வரை, முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணிந்து வரலாம். சீருடை விதி இதற்குக் குறுக்கே நிற்காது. நுளம்பு விரட்டும் பூச்சை வீட்டிலேயே பூசி அனுப்புங்கள்.

காய்ச்சல் உள்ள பிள்ளையைத் தயவுசெய்து பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம், பரீட்சை நாளாயினும் சரி. பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோஃபன் போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்வித்து வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆபத்து கூடுவதுண்டு என்பதால், அப்போது கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கை கால் குளிர்தல் தென்பட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு விரையுங்கள். டெங்கு என உறுதியானால் வகுப்பாசிரியருக்கு அன்றே அறிவியுங்கள்.

எதிர்வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு மைதானத்திலும் ஒழுங்கையிலும் சிரமதானம் நடைபெறும். கையுறையும் சாக்குப் பையும் பாடசாலை தரும். அதன் பின்னர் ஒவ்வொரு வாரமும் ஒரு வகுப்பின் பெற்றோர் ஒழுங்கையைப் பார்வையிடும் முறையை வகுத்துள்ளோம். உங்களுக்கு வசதியான வாரத்தை இணைக்கப்பட்டுள்ள படிவத்தில் குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்கு முன் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

இவ்வண்ணம்,
அதிபர்