37 கிராமும் உன் இடது செருப்பும்

ஆம்பூர்,
ஞாயிறு காலை

பாப்பா,

நீ அனுப்பிய சைக்கிள் பெடல் படத்தை அம்மாவின் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கார்பன் உடல், டைட்டானியம் அச்சு. விலையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். உன் சம்பாத்தியம், உன் செலவு. ஆனால் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன்.

சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் நடுத்தரமான 105 பெடல், ஆர்7000 வகை, ஜோடி 265 கிராம். அதே நிறுவனத்தின் உச்சத்தில் இருக்கும் டியூரா-ஏஸ், ஆர்9100 வகை, 228. வித்தியாசம் 37 கிராம்; ஒரு கோழிமுட்டைகூட அதைவிடக் கனம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதற்கு முன் பொன்னேரியில் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டால் பாட்டிலில் அந்த எடை குறைந்துவிடும். டைட்டானியம் அச்சுள்ள சில பெடல்களுக்கு ஓட்டுபவரின் எடைக்கும் வரம்பு உண்டு. உன்னைச் சொல்லவில்லை, முறைக்காதே.

எனக்குக் கவலை, ஷூவின் அடியில் திருகிப் பெடலில் பூட்டிக்கொள்ளும் அந்தக் கிளீட்டைப் பற்றித்தான். சின்ன வயதில் உனக்கு எத்தனை செருப்பு வாங்கினாலும் இடது செருப்பு மட்டும் குதிகாலின் வெளிப்புறம் தேயும். ஷூ தொழிற்சாலையில், கால் அச்சின் மேல் தோலை இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவன் கண்ணுக்கு அது தப்புமா? உன் இடது பாதம் நடக்கும்போது வெளிப்பக்கம் திரும்புகிறது. அந்தக் காலை ஆடாமல் அசையாமல் பூட்டினால், மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால்தான் வதைபடும். ஷிமானோவின் மூன்று திருகாணிக் கிளீட்டில் சிவப்புக்கு அசைவே கிடையாது, நீலத்துக்கு 2 டிகிரி, மஞ்சளுக்கு 6. நீ மஞ்சளை வாங்கு. பந்தயக்காரர்கள் சிவப்பு போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால், அவர்கள் செருப்பைக் காட்டச் சொல்.

போன பொங்கலுக்கு நீ விட்டுப்போன சைக்கிளில், நீ ஊருக்குப் போன மறுநாள், உன் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு நான் ஏறிப்பார்த்ததை அம்மா உன்னிடம் சொல்லவில்லை அல்லவா? தெருமுனையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கால் விடுபடும் என்பது நினைவுக்கு வருவதற்குள், வெட்டிய வாழைபோல் பக்கவாட்டில் சாய்ந்தேன். ஆடு நின்று பார்த்துவிட்டுப் போனது. இப்படிக் காலைப் பூட்டும் பெடலுக்கு 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது, என்று பெயர்! பாதத்தைப் பெடலோடு கட்டிவைத்த பழைய கூண்டும் வாரும் இல்லை என்பதால் அப்படிச் சொல்கிறார்களாம். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிணைக்கும் கொக்கி செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984இல் இதைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ என்ற பிரெஞ்சு வீரர் அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். அவர் வழியில் ஆடு வரவில்லை போலும்.

புதுப் பெடலில் பிடிமானத் திருகாணியை முதலில் நன்றாகத் தளர்த்தி வை. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். மாட்டும்போது கிரீஸ் தடவு, முரட்டுத்தனமாக முறுக்காதே. டீக்கடையில் இறங்கி நடந்தால் கிளீட் தேயும், உறை போட்டுக்கொள்.

கிளீட்டை நீயே பொருத்திவிடாதே. ஷூவோடு கொண்டு வா. பெருவிரல் மூட்டு எங்கே வருகிறது என்று உன் காலைத் தொட்டுப் பார்த்துப் பென்சிலில் குறித்துத் தருகிறேன். பொன்னேரி வரை ஸ்கூட்டரில் உன் பின்னாலேயே வருவேன். மலை மேல் நீ மட்டும் போ. அம்மா இட்லி கட்டித் தருகிறாளாம், அதன் எடையை அவளிடம் பேசாதே.

அன்புடன்,
அப்பா