ஸ்பைடர்மேன் இல்லாத வீடியோ கேம் டிஸ்க்கை ஸ்பைடர்மேன் படம் போட்டு விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
ஆன்லைன் வீடியோ கேம் விற்பனை நிறுவனம்,
சென்னை.

நாள்: 2025 ஜூன் 23

பொருள்: 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' வீடியோ கேமின் டீலக்ஸ் டிஸ்க் (எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் கருவிக்கானது) பற்றி உங்கள் தளத்தில் உள்ள தவறான விவரங்கள், கண்ட்ரோலரைத் திரும்பப் பெற மறுத்தது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம்.

கடந்த மே மாதம், என் மகளின் கோடை விடுமுறைக்காக உங்கள் தளத்தில் இரண்டு பொருள்கள் வாங்கினேன். 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' டீலக்ஸ் டிஸ்க் 2,199 ரூபாய். கையில் பிடித்து ஆடுவதற்கான எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் இரண்டாவதாக ஒன்று, 4,990 ரூபாய். நான்கே நாளில் இரண்டும் வீட்டுக்கு வந்துவிட்டன. டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. கண்ட்ரோலரும் நன்றாகவே வேலை செய்கிறது. அனுப்பிய விதத்தில் எனக்குக் குறை எதுவும் கிடையாது. அந்த டிஸ்க்கைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பதில்தான் குறை.

என் மகளுக்குப் பதினொரு வயது. ஸ்பைடர்மேன் என்றால் அவளுக்கு உயிர். உங்கள் தளத்தில் இந்த கேமுக்குப் போட்டிருந்த முதல் படத்தில் ஸ்பைடர்மேன்தான் நட்டநடுவே நின்றார். அதற்குக் கீழேயே 'ஸ்பைடர்மேன் உட்பட எல்லா ஹீரோக்களும்' என்று ஒரு வரி. அவள் அந்தப் படத்தைக் காட்டித்தான் என்னிடம் கேட்டாள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நானும் பணம் கட்டினேன்.

டிஸ்க்கைப் போட்டதும் அப்டேட் இறங்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டு இணைய வேகத்துக்கு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பல்கூடத் துலக்காமல் வந்து உட்கார்ந்தவள், ஹீரோக்களின் வரிசையை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பதினொரு பேர் இருந்தார்கள். "அப்பா, ஸ்பைடர்மேன் எங்கப்பா?" என்றாள். "கதையை முடிச்சா வருவாரா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். தெரியாமல்தான் சொன்னேன். அந்தச் சொல்லை நம்பி இரண்டு வாரம் உட்கார்ந்து கதை முழுவதையும் முடித்தாள். கடைசிக் காட்சி ஓடி, பெயர்ப் பட்டியலும் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. மறுபடி போய் வரிசையைப் பார்த்தாள். அதே பதினொரு பேர்.

அன்றைக்குத்தான் நான் தேடிப் படித்தேன். இந்த கேமில் ஸ்பைடர்மேன் வந்தது 2021 நவம்பர் 30 அன்று, அதுவும் பிளேஸ்டேஷன் என்ற வேறு கேம் கருவிக்கான பதிப்பில் மட்டும். எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் அவர் வரவே இல்லை. இதில் மறைத்து வைத்த செய்தி ஒன்றுமில்லை. கேம் வெளிவருவதற்கு முன்பே, 2020 ஆகஸ்டிலேயே வெளிப்படையாக அறிவித்ததுதான். அறிவித்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்கை விற்கும் உங்கள் பக்கத்தில் மட்டும் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. இந்தக் கடிதம் எழுதும்முன் மறுபடி பார்த்தேன், எடுக்கவில்லை.

அடுத்தது கண்ட்ரோலர். உங்கள் பக்கத்தில் 'ஆடுவோர்: 1 முதல் 4 வரை' என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே 'இதனுடன் சேர்த்து வாங்குங்கள்' என்று இரண்டாவது கண்ட்ரோலரையும் காட்டினீர்கள். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம் என்றுதான் யார் பார்த்தாலும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த கேமில் ஒரே டிவியில் திரையைப் பிரித்து இருவர் ஆட வழியே கிடையாது. நான்கு பேர் சேர்வது இணையம் வழியாக மட்டும்தான். அதற்கு ஆளுக்கொரு எக்ஸ்பாக்ஸ், ஆளுக்கொரு டிஸ்க், அதற்கும் மேல் மாதச் சந்தா வேண்டும். கதையின் முக்கியமான பகுதிகள் எப்படியும் ஒருவர் மட்டும் ஆடுபவை. ஆகவே நான் வாங்கிய இரண்டாவது கண்ட்ரோலருக்கு இந்த கேமில் எந்த வேலையும் இல்லை. வீட்டில் வேறு கேம் இல்லாததால் அது பெட்டியிலேயே கிடக்கிறது. ஐயாயிரம் ரூபாய் என் சம்பளத்தில் சின்னத் தொகை இல்லை.

டீலக்ஸ் என்று எழுநூறு ரூபாய் கூடுதலாக வாங்கினீர்களே, அதையும் சொல்ல வேண்டும். சாதாரண டிஸ்க்கை அன்று நீங்களே 1,499 ரூபாய்க்கு விற்றீர்கள். டீலக்ஸுக்கு நீங்கள் எழுதியிருந்த முதல் சலுகை, 'வெளியாவதற்கு 72 மணி நேரம் முன்பே ஆடலாம்' என்பது. கேம் வெளியானது 2020 செப்டம்பர் 4. அந்த 72 மணி நேரம் முடிந்தே நான்கரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாவது சலுகை, கேமில் ஹீரோக்களுக்கான சிறப்பு உடைகள்; அவற்றைத் திறக்கும் ரகசியக் குறியீடு அச்சிட்ட தாள் வர வேண்டும். என் பெட்டியில் அந்தத் தாளே இல்லை. கூடுதலாகக் கொடுத்த எழுநூறு ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது அட்டையில் இருக்கும் 'டீலக்ஸ்' என்ற சொல் மட்டும்தான்.

'புதிய ஹீரோக்கள் தொடர்ந்து இலவசமாக வருவார்கள்' என்ற வரியும் உங்கள் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. 2020-இல் எழுதினால் அது உண்மை. சொன்னபடியே கேட் பிஷப், ஹாக்ஐ, பிளாக் பேந்தர், ஜேன் ஃபாஸ்டர் என்று ஒவ்வொருவராக இலவசமாகத்தான் வந்தார்கள். கடைசியாக 2022 முடியும் நேரத்தில் வின்டர் சோல்ஜர் வந்தார். அவரோடு சரி. 2023 மார்ச் 31 அன்று கேமைத் தயாரித்தவர்கள் கடைசி அப்டேட்டைக் கொடுத்தார்கள். கேமுக்குள் காசுக்கு விற்ற உடைகளையெல்லாம் அன்றே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் 30 உடன் கேமுக்கான பணி முழுவதும் நின்றது. ஆன்லைன் கடைகளிலிருந்தும் கேமை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தனியாகவும் ஆடலாம், இணையத்திலும் ஆடலாம் என்பதோடு விட்டுவிட்டார்கள்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. டவுன்லோடு செய்து வாங்கும் வழி அடைபட்டுவிட்டதால், இன்று ஒருவர் இந்த கேமைப் புதிதாக வாங்க வேண்டுமென்றால் டிஸ்க் மட்டும்தான் வழி. அதாவது உங்களைப் போன்ற கடைகள்தான். இணையத்தில் தேடினால் 2020-ஆம் வருடத்து டிரெய்லர்களும் அன்றைய வாக்குறுதிகளும்தான் முதலில் வருகின்றன. விற்கும் நாளில் இந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாங்குபவருக்குச் சொல்ல உங்களைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை. நீங்களும் ஐந்து வருடத்துக்கு முந்தைய விளம்பரத்தையே ஒட்டி வைத்திருந்தால், என்னைப் போன்றவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

கேம் மோசம் என்று நான் புகார் சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரதிநிதி, "கேம் பிடிக்கலைன்னா அதுக்கு நாங்க பொறுப்பில்லை சார்" என்று சொன்னார். எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கமலா கான் என்ற பெண்தான் இதில் கதையின் உயிர். பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம், ஊர் ஜெர்சி சிட்டி. அவெஞ்சர்ஸைப் பற்றித் தானே கதை எழுதுகிற ரசிகை. சான்ஃபிரான்சிஸ்கோவில் நடக்கும் விழாவுக்கு வந்து, ஒவ்வொரு நாயகரையும் நேரில் பார்த்து வாயடைத்துப் போகிறாள். அடுத்த அரை மணி நேரத்தில் கோல்டன் கேட் பாலத்தில் தாக்குதல் நடக்கிறது. தோர், அயர்ன் மேன், ஹல்க், கேப்டன் அமெரிக்கா, பிளாக் விடோ என்று ஒருவர் மாற்றி ஒருவராக நம் கைக்கு வருகிறார்கள். தோரின் சுத்தியலை எறிந்து, எதிரியைச் சுவரோடு அறைந்துவிட்டு, மறுபடி கைக்கு வரவழைப்பதில் என் மகளுக்கு இன்னும் சலிப்பு வரவில்லை. அந்தத் தாக்குதலில் நேர்ந்த பேரழிவுக்கு ஐந்து வருடம் கழித்து, பழி சுமந்து சிதறிப்போன பெரியவர்களை அந்தச் சின்னப் பெண்தான் தேடிப் போய் ஒன்று சேர்க்கிறாள். ஸ்பைடர்மேன் வரவில்லை என்று அழுத குழந்தை, இப்போது பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் கமலாவை வரைந்து வைத்திருக்கிறாள். நம் பக்கத்துப் பெண் போன்ற முகம், நம் வீடுகளில் நடப்பது போன்ற கண்டிப்பும் செல்லமும். ஒரு தகப்பனாக எனக்கும் அது மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

கதை முடிந்த பிறகு கேம் தளர்ந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஒரே மாதிரி ஆய்வுக்கூடம், ஒரே மாதிரி லிஃப்ட், அதே ரோபோக்கள், பலத்தைக் காட்டும் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும் கவசத் துண்டுகள். வெளியான நாளிலேயே பலரும் சொன்ன குறைதான் அது. பிளாக் பேந்தரின் நாடான வக்காண்டாவில் நடக்கும் பகுதி மட்டும் விதிவிலக்கு. அது முழுக்கக் காடும் மலையுமாகக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, தனி விலையும் இல்லை. 1,499 ரூபாய்க்கு இந்தக் கதையும் வக்காண்டாவும் கிடைக்கும் என்று நேராகச் சொல்லியிருந்தால், சந்தோஷமாக வாங்கியிருப்பேன். கண்ட்ரோலரை வாங்கியிருக்க மாட்டேன், மகளிடமும் இல்லாத ஒன்றைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி, நீங்கள் நடந்துகொண்ட விதம். ஜூன் 2 அன்றும் ஜூன் 9 அன்றும் உங்கள் சேவை மையத்தில் பேசினேன். முதல் முறை, "பெட்டியைப் பிரிச்சிட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்" என்றார்கள். பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே ஸ்பைடர்மேன் இல்லை என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாவது முறை, "படம் ஒரு மாதிரிக்குத்தான் சார்" என்றார்கள். படம் மாதிரிக்கு என்றே வைத்துக்கொள்வோம். 'ஸ்பைடர்மேன் உட்பட' என்ற வரி எதற்கு? குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள் என்றார்கள், ஜூன் 10 அன்று எழுதினேன். இன்றுவரை கிடைத்தது என்ற ஒரு வரிப் பதில்கூட வரவில்லை.

ஆன்லைன் விற்பனைக்கென்று மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மையோ அம்சமோ பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் கெடு தாண்டிப்போய்விட்டது. இரண்டாவது ஜூலை 10 அன்று முடிகிறது.

டிஸ்க்கைத் திருப்பித் தரச் சொல்லாதீர்கள். மகள் தர மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். டீலக்ஸ் என்று கூடுதலாக வாங்கிய 700 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கண்ட்ரோலரை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 4,990 ரூபாயையும் தாருங்கள். கவர், ஒயர், ரசீது எல்லாம் வைத்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமாக, அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். பணம் மட்டும் வந்து அந்தப் படம் அங்கேயே இருந்தால், இந்தப் புகார் தீர்ந்ததாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். காலாண்டு விடுமுறைக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை அதே படத்தைக் காட்டிக் கேட்கும். என்ன எழுதுவது என்று உங்களுக்குச் சிரமமாக இருந்தால், நானே எழுதித் தருகிறேன். அப்படியே போட்டுக்கொள்ளலாம்:

'2020 செப்டம்பரில் வெளியான கேம். தயாரிப்பாளர்களின் பணி 2023 செப்டம்பர் 30 உடன் முடிந்துவிட்டது. இனிப் புதிய ஹீரோக்களோ கதைகளோ வராது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் 11 ஹீரோக்கள் உண்டு, ஸ்பைடர்மேன் இல்லை. ஒரே டிவியில் இருவர் ஆட முடியாது. நண்பர்களோடு ஆட இணையமும் சந்தாவும் தேவை. முதல்முறை போடும்போது பெரிய அப்டேட் இறங்கும். தனியாக ஆட கமலா கானின் கதையும் வக்காண்டா பகுதியும் உண்டு.'

இதைப் படித்தபிறகும் வாங்குபவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரும் உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார்.

ஜூலை 10-க்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் பலனில்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதையும் விசாரித்துவிட்டேன்.

உங்கள் பக்கத்தை மே 6 அன்றும் இன்றும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள், இரண்டு ரசீதுகள், ஜூன் 10 மின்னஞ்சலின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். கண்ட்ரோலரை எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.