கம்பெனி இருந்தாலும் இல்லாட்டியும் வண்டி ஓடணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நம்ம சென்னைல இருக்க ராப்டீ கம்பெனியோட டி30 எலக்ட்ரிக் பைக் பத்தி உங்க பேப்பர்ல வந்ததை ரெண்டு தடவை படிச்சேன். 2.39 லட்சம் விலை, 135 கிலோமீட்டர் வேகம், ஒரு தடவை சார்ஜ் போட்டா டெஸ்ட் கணக்குல 200 கிலோமீட்டர், ரோட்டுல ஓட்டுனா 150 வரும்னு கம்பெனிக்காரங்களே சொல்றது, எல்லாம் போட்டிருந்தீங்க. 2022லயே பெங்களூர்லேர்ந்து ஓபன் ரோர், புனேலேர்ந்து டார்க் கிராடோஸ்னு சின்ன கம்பெனிங்க எலக்ட்ரிக் பைக் கொண்டு வந்துட்டாங்க, இப்ப நம்ம ஊர்லேர்ந்தும் ஒண்ணு வந்திருக்குன்னு எனக்கு நெஜமாவே பெருமைதான். ஆனா அந்த வண்டில முக்கியமான விஷயம் எதுவோ அதை ஒரே வரில முடிச்சுட்டீங்க, அதனாலதான் எழுதுறேன்.

அது கார் சார்ஜ் போடுற இடத்துலயே சார்ஜ் ஏறும்ங்குற விஷயம். நான் குரோம்பேட்டைல 26 வருஷமா மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கேன், அதனால இது எவ்ளோ பெரிய வேலைன்னு புரியுது. மத்த ஸ்கூட்டர் பைக்கெல்லாம் பெரும்பாலும் 48 வோல்ட், 72 வோல்ட்ல ஓடுது, கார் சார்ஜரோ 150, 200 வோல்ட்டுக்குக் கீழ இறங்காது, அதனால பிளக் பொருந்துனா கூட கரண்ட் வராது. இவங்க பேட்டரியையே 240 வோல்ட்டுக்கு ஏத்திட்டு காருக்கு உள்ள அதே சி.சி.எஸ்.2 பிளக்கை வெச்சுட்டாங்க. இன்னொரு நல்லதும் இருக்கு, 22 கிலோவாட் பவரை 72 வோல்ட்ல எடுத்தா 300 ஆம்பியருக்கு மேல ஓடும், 240 வோல்ட்ல 92 ஆம்பியர் போதும், கரண்ட் குறைஞ்சா சூடு குறையும், ஒயரும் அவ்ளோ தடிமனா வேணாம். ஆனா எனக்கு அதை விடப் பெருசா படுறது என்னன்னா, நாளைக்கு அந்தக் கம்பெனிக்கு என்ன ஆனாலும் சார்ஜ் போட இடம் இருக்கும். பிளக் அவங்க சொந்த பிளக் இல்ல, ஊருக்கே பொதுவான பிளக்.

இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா நான் பட்டவன். 2021 கடைசில ஒரு சின்ன கம்பெனியோட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குனேன், பேரு வேணாம். ரெண்டு வருஷம் தங்கமா ஓடுச்சு, பொண்ணை காலேஜ்ல விட்டுட்டு கடைக்கு வர்றது எல்லாம் அதுலதான். ஒரு நாள் பல்லாவரம் பாலத்துக்கிட்ட அப்படியே நின்னு போச்சு. டீலர் கடைக்குத் தள்ளிட்டுப் போனா அங்க மொபைல் கடை போர்டு தொங்குது. கம்பெனி நம்பருக்கு மூணு மாசம் அடிச்சேன், ரிங் போகுது, எடுக்க ஆள் இல்ல. சரி நம்ம தொழில்தானேன்னு நானே பிரிச்சேன். மோட்டாரை மெக்கர்னு சொல்ற டெஸ்ட் மீட்டர் வெச்சுப் பாத்தேன், வைண்டிங் நல்லா இருக்கு, மோட்டார் எந்த நிலைல சுத்துதுன்னு சொல்ற ஹால் சென்சார் மூணும் வேலை செய்யுது. மோட்டாருக்கு கரண்டை அளந்து விடுற கன்ட்ரோலரைத் தொறந்தா உள்ள பூரா கருப்பு ரெசின் ஊத்தி இறுகிப் போயிருக்கு, அதை ரெண்டு ராத்திரி சூடு காட்டி சுரண்டி எடுத்தா ஐசி சிப் மேல இருக்க நம்பரையெல்லாம் தேச்சு அழிச்சு வெச்சிருக்காங்க. கரண்டை விட்டு நிறுத்துற மாஸ்ஃபெட் வெந்து போயிருந்துச்சு, அதை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி மாத்துனேன், அப்பவும் பேட்டரி கரண்ட் விடல, ஏன்னா கன்ட்ரோலரும் பேட்டரியைக் கவனிச்சுக்கற பேட்டரி போர்டும் ஒண்ணுக்கொண்ணு ஒரு கோடு நம்பர் சொல்லிக்கணுமாம், அதை மறுபடி போட்டுவிட கம்பெனி லேப்டாப் வேணும், அந்தக் கம்பெனிதான் இல்லையே. மோட்டார் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு, வண்டி செத்து போச்சு, இதை என்னால இன்னும் ஜீரணிக்க முடியல.

எங்கப்பா 1984ல வாங்குன யெஸ்டி ரோட்கிங் இன்னும் எங்க வீட்டுல ஓடுது. மைசூர்ல அதை செஞ்ச ஐடியல் ஜாவா கம்பெனிய 1996லயே மூடிட்டாங்க. ஆனா அதுக்கு புஷ் வேணும்னா லேத்துல கடைஞ்சு தருவான், சிலிண்டர் தேஞ்சா போர் போட்டு பெரிய பிஸ்டன் போட்டுக்கலாம், புதுப்பேட்டை, ஜி.பி. ரோடுன்னு ரெண்டு ரவுண்டு அடிச்சா மத்ததும் கிடைச்சுடும். கம்பெனி போய் இத்தன வருஷம் கழிச்சும் வண்டி ஓடுதுன்னா, உள்ள என்ன இருக்குன்னு மெக்கானிக்குக்குத் தெரிஞ்சதாலதான். எலக்ட்ரிக் வண்டில அந்த ரகசியத்தை சாஃப்ட்வேர்ல பூட்டி வெச்சுட்டா, கம்பெனி மூடுன அன்னைக்கே வண்டியும் மூடிடுச்சுன்னு அர்த்தம்.

சின்ன கம்பெனியே வேணாம்னு நான் சொல்லல, தயவு செஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. புதுசா யோசிக்கறதே அவங்கதான். ராப்டீ மூடிடும்னும் சொல்லல, அவங்க நல்லா வரணும். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர்னு வாரண்டி குடுத்திருக்காங்க, அது சின்ன வாக்கு இல்ல. ஆனா எந்தக் கம்பெனி குடுத்தாலும் வாரண்டி பேப்பர் கம்பெனி இருக்கற வரைக்கும்தான் செல்லும். நான் வண்டி வாங்குன சமயத்துல ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-அவர்) பேட்டரிக்கு 15,000 ரூபா கணக்குல மத்திய அரசு மானியம் குடுத்துது, அது ஜனங்க வரிப்பணம், அந்தப் பணத்தை வாங்குனவங்க கிட்ட ஸ்பேர்ஸ் எத்தன வருஷம் வெச்சிருப்பீங்கன்னு கறாரா கேட்டிருந்தா நான் இப்படி நின்னிருக்க மாட்டேன். 2022 மார்ச்சுல வேலூர்ல சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிஞ்சு அப்பாவும் மகளும் போனாங்களே, அந்த வருஷம் அங்கங்க வண்டி எரிஞ்ச பிறகுதான் டிசம்பர்லேர்ந்து பேட்டரி டெஸ்ட் ரூலை கடுமையாக்குனாங்க. உயிர் போறதுக்கும் வண்டி நிக்கறதுக்கும் ஒப்பே கிடையாது, எனக்குத் தெரியும், ஆனா ரூல் போடணும்னு நெனச்சா போட முடியும்னு சொல்ல வர்றேன். வண்டி விக்க அனுமதி வாங்கும்போதே சர்க்யூட் படம், அந்தக் கோடு நம்பர் மாத்தற சாஃப்ட்வேர் ரெண்டையும் சீல் வெச்சு டெஸ்டிங் சென்டர்ல குடுத்துடணும், நம்ம ஒரகடத்துலயே ஜி.ஏ.ஆர்.சி.ன்னு அப்படி ஒரு டெஸ்டிங் சென்டர் இருக்கு. கம்பெனி ஓடற வரைக்கும் அதை யாரும் தொறக்க வேணாம். மூடிட்டா தொறந்து மெக்கானிக்குங்க கைல குடுத்துடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.

உங்க நிருபர் அடுத்த தடவை இந்த மாதிரி புது வண்டி ஓட்டிப் பாக்கப் போனா வேகத்தோட சேத்து இதையும் கேட்டு விலையோட பேப்பர்ல போடச் சொல்லுங்க அய்யா: கன்ட்ரோலர் தனியா என்ன விலை, பேட்டரி போர்டு மட்டும் தருவீங்களா, வெளி மெக்கானிக் அதை மாத்துனா வண்டி ஸ்டார்ட் ஆகுமா.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
குரோம்பேட்டை