இன்ட்ராக்ட் சங்கத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பது குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பல தொழில் செய்பவர்கள் சேர்ந்து பொதுப்பணி செய்யும் நம் ஊர் ரோட்டரி சங்கத்தின் துணையோடு, பள்ளியில் நடந்துவரும் இன்ட்ராக்ட் என்ற மாணவர் சேவைச் சங்கத்துக்குப் புது உறுப்பினர்களைச் சேர்க்கிறோம். அனுமதிப் படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். "இதனால படிப்பு கெட்டுப் போயிடாதா சார்?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1905 பிப்ரவரியில் சிகாகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், வேறு வேறு தொழில் செய்த மூன்று பேரோடு உட்கார்ந்து பேசியதுதான் ரோட்டரியின் தொடக்கம். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில் செய்தவர். பெரிய நகரத்தில் மனம்விட்டுப் பழக நாலு பேர் வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முதலில் இருந்த எண்ணம். ஊருக்கு ஏதாவது செய்வோம் என்பது அப்புறம் வந்தது. 1907இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று முயற்சி எடுத்தார்கள். அவர்களுடைய முதல் பொதுப்பணி அதுதான். பழகிய மனிதர்களுக்குத்தான் சேர்ந்து வேலை செய்ய வரும் என்று நானும் நம்புகிறேன். பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் உண்மை.

12 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கான இன்ட்ராக்ட் 1962இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பள்ளியில் தொடங்கியது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் மாணவர்களே. கூட்டத்தை அவர்களே நடத்துவார்கள், நடந்ததை நோட்டில் எழுதுவார்கள், கணக்கைப் படிப்பார்கள். தமிழ்வழிப் பிள்ளைகளும் ஆங்கிலவழிப் பிள்ளைகளும் இடைவேளையில் தனித்தனியாக நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தச் சங்கத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று வாக்குவாதம் செய்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

போன முறை நம் பள்ளியில் நடந்த கண் சிகிச்சை முகாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்ப் பதிவு மேசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பாட்டியிடம் வயது கேட்டாள். "அது யாருக்கும்மா தெரியும்? எம்.ஜி.ஆர். முதலமைச்சரான வருஷம் எனக்குக் கல்யாணம்" என்றார் பாட்டி. இவள் விடவில்லை. கல்யாணத்தின்போது எத்தனை வயது இருக்கும் பாட்டி என்று பேச்சுக் கொடுத்து, 1977இலிருந்து கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு, சீட்டைக் கையில் கொடுத்து, எழுத்துப் பலகை மாட்டியிருந்த அறை வரை கைபிடித்துக் கூட்டிப்போய் விட்டு வந்தாள். சலிப்பே இல்லாமல் அன்று முழுக்க அதையே செய்தாள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே தயங்குகிற பிள்ளை அவள்.

ரோட்டரி உறுப்பினர்களும் அன்று நாற்காலி தூக்கினார்கள், தண்ணீர் கேன் சுமந்தார்கள். ஊரில் பெரிய மனிதர்கள் என்று நாம் சொல்கிறவர்கள் நம் பிள்ளைகளோடு சேர்ந்து பந்தியில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டார்கள். தொழிலில் நிற்கிற பெரியவர்களோடு இப்படிச் சகஜமாகப் பேசிப் பழகும் வாய்ப்பு பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

சின்ன ஊர்ச் சங்கத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சொட்டு மருந்து போட்டு, இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு வந்தது நினைவிருக்கும். போலியோவை ஒழிக்க ரோட்டரி 1985இல் உலக அளவில் இறங்கியது. நம் நாட்டில் அரசு 1995இல் போலியோ முகாம்களைத் தொடங்கியபோது, ஊர் ஊராக இருந்த ரோட்டரி உறுப்பினர்களும் சுகாதாரப் பணியாளர்களோடு நின்றார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையான போலியோ வைரஸால் இந்தியாவில் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். உதவியாகத் தரும் நோட்டுப் புத்தகமோ சீருடையோ வாங்கிக்கொள்ளும் பிள்ளையை நிறுத்திப் புகைப்படம் எடுக்க நம் பள்ளியில் அனுமதி இல்லை. வாங்குகிற பிள்ளையும் நம் பிள்ளைதான். ரோட்டரி நண்பர்களிடம் சொன்னேன், மனதார ஒப்புக்கொண்டார்கள்.

சரி, படிப்பு விஷயம். கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் மட்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எந்தப் பொறுப்பும் கிடையாது. கட்டணம் எதுவும் இல்லை. பள்ளிக்கு வெளியே போகும் நாட்களில் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் கூடவே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் உங்களிடம் தனியாக அனுமதி கேட்போம். பெண் பிள்ளைகளின் பெற்றோர் விரும்பினால் தாராளமாகக் கூட வரலாம்.

அடுத்த கண் சிகிச்சை முகாம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு நம் பள்ளியிலேயே நடக்கிறது. வீட்டில் பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால் அழைத்து வாருங்கள். ஆதார் நகலும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். கண்புரை அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்களை அன்றே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள் என்பதால், இரண்டு நாளுக்கு மாற்றுத்துணியும் எடுத்து வரச் சொல்லுங்கள். சங்கத்தில் சேரும் பிள்ளைகள் 7 மணிக்கே வந்துவிட வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்